பதினேழாம் எண் கத்தி

ஜூன் 14, வெள்ளி

மூங்கில்மேட்டில் பேருந்து என்னை மேகத்துக்குள் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வளைவுகள் தொடங்கியதுமே தூங்கிப்போனவள், நடத்துநர் தோளைத் தட்டித்தான் எழுந்தேன். எங்கே உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் கண் சொருகிவிடும், கூடவே கனவும் வந்துவிடும். நாற்பத்து நான்கு வயதில் இதை மாற்ற முடியாது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் பையை வாங்கிக்கொண்டது. பிறகுதான் ஆளே தெரிந்தார். பேச்சிமுத்து அண்ணன், இங்குள்ள மலை மீட்புக் குழுவின் தலைவர். தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வழி தவறிய சுற்றுலாக்காரர்கள், மண்சரிவில் மாட்டிய வண்டிகள், சாலையில் விழுந்த மரங்கள் எல்லாம் இந்தக் குழுவின் தலையில்தான் விழும்.

வந்த வேலையை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு சின்னக் கத்திப் பட்டறை இருக்கிறது. வீட்டுக்காரர் தண்டபாணி தகட்டை வெட்டி, தேய்த்து, வடிவம் கொடுப்பார். நெருப்பு வேலை என்னுடையது. கத்தியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தால் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். அந்தக் கடினத்தோடு விட்டால் கண்ணாடி மாதிரியே உடையும். அதனால் மறுபடி மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்துப் பதம் இறக்க வேண்டும். சென்ற வருடம் இந்தக் குழுவுக்கு இருபது கத்திகள் செய்து கொடுத்தோம். அதில் ஒன்று உடைந்து, ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன.

இப்போது பக்கத்து மலைக் குழுக்களுக்கும் சேர்த்து அறுபது வேண்டுமாம். எந்த எஃகில் செய்வது என்று மூன்று வாரம் மழையில் வைத்துப் பார்த்து நான் சொல்ல வேண்டும். இனிமேல் ஒரு கத்தியும் யார் கையிலும் உடையக் கூடாது.

மூன்று மாதிரிகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று எவர்சில்வர் வகை, துருப்பிடிக்காது. இன்னொன்று தொழிற்சாலைகளில் அச்சு செய்யும் எஃகு, கூர் நின்று பேசும். மூன்றாவது சாதாரணக் கார்பன் எஃகு, சாணை பிடிக்கச் சுலபம், துருவுக்குச் செல்லப்பிள்ளை. சென்ற தடவை செய்தது கமான் பட்டை எஃகில். லாரிக்கு அடியில் பாரம் ஏற ஏற வளைந்து கொடுக்குமே, அந்த எஃகு. அதை மட்டும் கொண்டுவரவில்லை.

அண்ணன் ஒரு படிவம் கொடுத்தார். கூர், துரு, உறுதி, சாணை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ‘முந்தைய கத்தி உடைந்ததற்குக் காரணம்’ என்று இருக்கிறது. அதை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

ஜூன் 15, சனி

எனக்குக் கொடுத்திருப்பது முகாம் அறையின் ஓரத்தில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலில் காலையிலிருந்து வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. பத்து மணிக்கு அந்த வெள்ளையில் ஒரு பலாமரம் வந்தது. பதினொன்றுக்கு அதுவும் போய்விட்டது.

சமையல்காரர் டீ கொண்டுவந்தார். டம்ளரைப் பிடித்திருந்த வலது கையில் மூன்று விரல்கள்தான். அவர்தான் ஞானதுரை. இதே குழுவில் கயிற்றில் இறங்கும் முதல் ஆளாக இருந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வாங்கியதில் பாதி டீ கட்டிலில். “பரவால்லக்கா, வேற கொண்டாறேன்” என்று துணி எடுத்துத் துடைத்தார்.

சாயங்காலம் அவராகவே சொன்னார். போன ஆகஸ்டில் பள்ளத்தில் சாய்ந்த ஒரு ஜீப்பின் கதவை நெம்பித் திறக்கக் கத்தியைச் செருகினாராம். கத்தி உடைந்து, விசையோடு கை போய் ஜீப்பின் கிழிந்த தகட்டில் இறங்கிவிட்டதாம். குழுவின் பதிவேட்டில் ‘ஞானதுரையின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறதாம். எழுதச் சொன்னதே அவர்தானாம்.

“கத்தி வெட்டதுக்குத்தானக்கா, நெம்பதுக்கா? அவசரப்பட்டுட்டேன். கயித்துல எறங்குதவனுக்கு அவசரம் ஆவாது. அதான் அடுப்படிக்கு வந்துட்டேன்” என்றார்.

நான் தலையாட்டினேன். நாய்கூட அந்த இடத்தில் அப்படித் தலையாட்டாது.

ஜூன் 17, திங்கள்

மழை. அட்டைக்கடி நான்கு. காலுறை காயவில்லை.

எங்கள் கத்திகளுக்கு மரப்பிடி கிடையாது, கயிறு சுற்றிய பிடிதான். பிடி முடியும் இடத்தில் வெளியே துருத்தும் இரும்பில் ஒன்று முதல் இருபது வரை எண் குத்தியிருக்கிறோம். உறையில் இருக்கும்போதும் அது தெரியும். இன்று ஆட்களின் இடுப்பில் பார்த்தவை: 4, 9, 11, 14.

ஜூன் 18, செவ்வாய்

2, 7, 16, 19.

ஜூன் 19, புதன்

சோதனை ஆரம்பம். தேங்காய் நார்க் கயிற்றை வெட்டிக்கொண்டே போக வேண்டும், காகிதத்தைச் சீவ முடியாமல் போகும்வரை. எவர்சில்வர் நாற்பது வெட்டில் களைத்தது. கார்பன் அறுபத்தைந்து. அச்சு எஃகு நூற்றுப் பத்து. மூன்றையும் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், துருவுக்கு.

மதியம் கயிற்றுக் குவியலின் மேலேயே தூங்கிவிட்டேன். எஃகு சூடேறும்போது மேலே ஓடும் நிறங்கள் கனவில் வந்தன. முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கத்தரிப்பூ, கடைசியில் மயில் கழுத்து நீலம். மலை முழுக்க அப்படி நிறம் ஏறிக்கொண்டே போனது. நீலத்துக்குப் போவதற்குள் நிறுத்து, நிறுத்து என்று யாரோ சொன்னார்கள். நான் மஞ்சளிலேயே நிறுத்திவிட்டேன். எழுந்தபோது முகத்தில் நார் அச்சு.

ஜூன் 20, வியாழன்

ஈரச் சாக்கைப் பிரித்தேன். கார்பன் கத்தி ஆரஞ்சு மிட்டாய் ஆகியிருந்தது. எவர்சில்வர் பளபளவென்று, வேலை செய்யாதவனின் செருப்பு மாதிரி. அச்சு எஃகுக்கு அங்கங்கே புள்ளி. அதை யூகலிப்டஸ் கணுவில் அடித்துப் பார்த்ததில் விளிம்பில் ஒரு பல் போனது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம். காட்டில் யாருக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது?

பேச்சிமுத்து அண்ணன் இடுப்பிலிருந்து தன் ஒன்பதாம் எண்ணை எடுத்தார். அதே கணுவை நாலு போடு போட்டுப் பிளந்தார், ஓடைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து உறையில் போட்டார். “இந்தப் பழைய எஃகயே ஏன் சோதிச்சுப் பாக்கக் கூடாது நாயகியம்மா?” என்று கேட்டார். உடைந்த எஃகு ஆயிற்றே அண்ணா என்றேன். அவர் ஒன்பதைத் தடவிப் பார்த்தார்.

ஜூன் 21, வெள்ளி

இன்று சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக் கொடுத்தேன். ஞானதுரை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிற சத்தமே கேட்கவில்லை. கத்தி பலகையைத் தொடும்போது மட்டும் ஒரு சின்ன ‘டக்’.

என்ன கத்தி என்று கேட்டேன். நீட்டினார். அரை சாண் நீளம், முனையைத் தேய்த்து வட்டமாக்கியிருந்தது. பிடியின் முனையில் 17.

“முறிஞ்ச துண்டுதான்க்கா. தூரப்போட மனசு வரல. பத்து மாசமா இதான் எனக்கு. ஒரு தடவகூடச் சாணை பிடிக்கல, பாத்துக்கிடுங்க. இந்தக் கூர்மை வேற எந்தக் கத்திக்கும் கெடையாது.”

ஒரு தக்காளியின் மேல் அந்தத் துண்டை வைத்தேன். அழுத்தவே இல்லை, அது தானாக இறங்கியது. பத்து மாதம் சாணை பார்க்காத கமான் பட்டை அப்படி இறங்கக் கூடாது. அந்த எஃகு அப்படிப்பட்டதே இல்லை.

பீன்ஸை முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். தலைவலி என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சுக்குக் காப்பி வந்தது.

ஜூன் 23, ஞாயிறு

இருவாச்சி இரண்டு, பனிக்கு மேலே பறந்தன. பறவை தெரியவில்லை, இறக்கைச் சத்தம் மட்டும் யாரோ பெரிய துணியை உதறுவது போலக் கடந்து போயிற்று. அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்ததில் என் கஞ்சியைக் குரங்கு குடித்துவிட்டது.

13, 15, 18, 20. ஆக ஏழையும் பார்த்தாயிற்று.

ஜூன் 26, புதன்

இன்று ஒரு சண்டை. பதினான்காம் எண் கத்தியை ஒருவர் கழற்றி வைக்க, இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒரே மாதிரிக் கத்திகள்தானே, எதற்குச் சண்டை என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். செய்தவளுக்கே தெரியவில்லையே என்று.

விஷயம் இதுதான். பதிமூன்றிலிருந்து மேலே எண் உள்ள கத்திகள் கூர் மழுங்குவதே இல்லையாம். வாரக்கணக்கில் சாணை வேண்டாமாம். ஆறு மாதம் முன்பே குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்துவிட்டது. யார் கையில் அவை இருக்கின்றனவோ அவருக்குக் கிராக்கி.

பேச்சிமுத்து அண்ணன் முடிவு போலவே சொன்னார்: “எவர்சில்வரும் வேண்டாம், அச்சும் வேண்டாம். அந்தக் கடைசி எட்டுக்கு என்ன செஞ்சீங்களோ, அதையே அறுவதுக்கும் செஞ்சிருங்க.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாய் மட்டும்தான் சிரித்தது.

ஜூன் 27, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

எங்கள் மின்சார அடுப்பில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு கத்திகள்தான் வைக்கலாம். அதனால் இருபதையும் இரண்டு ஈடாகப் பதம் இறக்கினேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை முதல் ஈடு. இருநூறு டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். குறையே கிடையாது. பதிமூன்று முதல் இருபது வரை அடுத்த நாள். அன்று கரண்ட் போய்விட்டது. நிறம் வந்திருந்ததால் பதமும் வந்திருக்கும் என்று எடுத்துவிட்டேன்.

பதம் முழுதாக இறங்காத கத்தி கடினமாகவே இருக்கும். கடினமான கத்தி கூர் மழுங்காது, ஒருநாள் நெம்பும்போது ஒடியும். பதினேழு ஒடிந்தது. மிச்சம் ஏழும் ஆட்களின் இடுப்பில் இருக்கின்றன.

ஜூன் 28, வெள்ளி

மழை. காலுறை.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டுக்காரர் போன். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பேசினேன். “என்னம்மிணி, மழ விட்டுச்சா? மேகத்தத் தின்னுட்டுக் கெடக்கறயா?” என்றார். எஃகு விற்ற கடைக்காரரை வழியில் பார்த்தாராம், முகம் கொடுத்தே பேசவில்லையாம். கத்தி உடைந்த செய்தி வந்தபோது எஃகில்தான் கோளாறு என்று நான் சொன்னேன். இவர் போய் நாலு பேர் முன்னால் அந்த மனிதரைக் கேட்டுவிட்டு வந்தார். பதினெட்டு வருடப் பழக்கம் அன்றோடு போயிற்று. எஃகு சரியாகத்தான் இருந்தது என்று அவர் அன்றைக்கே தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

போனில் இதெல்லாம் பேச முடியாது, சிக்னல் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மதியத் தூக்கத்தில் தம்பியின் கல்யாண மண்டபம் வந்தது. பந்தியில் இலைக்கு ஒரு கத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் வைக்கோல் மஞ்சள் நிறத்தில் அழகாக இருந்தன. தொடாதீர்கள் என்று கத்தப் போனேன், வாய் நிறைய லட்டு.

ஜூலை 1, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தகவல் வந்தது. இரட்டைப்பாலத்துக்குக் கீழே காய்கறி வேன் ஒன்று சரிவில் சாய்ந்து கிடக்கிறது. ஓட்டுநரும் அவர் மனைவியும் உள்ளே. கதவு மண்ணில் மாட்டியிருக்கிறது, நெம்பித்தான் திறக்க வேண்டும்.

ஆட்கள் கயிறும் கடப்பாரையுமாக ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தவரின் இடுப்பில் 14. அதற்குப் பின்னால் 19. நான் வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றேன். வண்டி கிளம்பிவிட்டது. பனியில் பின் விளக்கு மங்கியபோதுதான் என் கால் ஓடியது. தட்டு எங்கே விழுந்ததோ தெரியாது. முதல் வளைவில் வண்டியை மறித்துக் கத்தினேன்.

“பதிமூணுல இருந்து மேல நம்பர் இருக்கற கத்தி எதையும் கொண்டு போகாதீங்க. எறக்கி வெச்சுருங்க. அது உடைஞ்சுரும்.”

பேச்சிமுத்து அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கத்திகளைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினார். ஏழு பேரும் உறையோடு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏழு கத்தியின் கனம் அவ்வளவு இருக்கும் என்று செய்தபோது தெரியவில்லை.

அவர்கள் திரும்பும்வரை சமையலறைப் பலகையில் அந்த ஏழையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கு வந்ததிலிருந்து தூக்கம் வராத முதல் பகல். ஞானதுரை எதிரே குழம்புக்குத் தாளித்தார். கத்திகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அடுப்பைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு வந்தார்கள். ஓட்டுநருக்குக் கால் முறிவு, மனைவிக்குச் சிராய்ப்பு, இருவரும் ஆஸ்பத்திரியில் பத்திரம். கடப்பாரை நுழையாத சந்தில் ஒன்பதாம் எண்ணைச் செருகித்தான் கதவைத் திறந்தார்களாம். கை கழுவிவிட்டு அண்ணன் என் எதிரே உட்கார்ந்தார்.

“எஃகுல குறையில்லீங்கண்ணா” என்றேன். “அடுப்புல ரெண்டு மணி நேரம், ரெண்டு தடவ இருக்கோணும். இந்த எட்டயும் நான் இருவது நிமிசத்துல எடுத்துட்டேன்.”

“கரண்டு போயிருச்சா?” என்று அவரே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். எவ்வளவு நல்ல கதவு. நோட்டில் நான் ஏற்கெனவே ஒரு தடவை அதன் வழியாகப் போய் வந்திருக்கிறேன்.

“போகலீங்க. நானேதான் நிறுத்துனேன். அன்னிக்குச் சாயங்காலம் என்ற தம்பிக்கு இணைச்சீரு.”

அவருக்குப் புரியவில்லை, சொன்னேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்ய உடன்பிறந்தவள் வந்தாக வேண்டும். அவள் வராமல் மேற்கொண்டு ஒரு சீரும் நடக்காது. முப்பத்தொன்பது வயதில் என் தம்பிக்கு அமைந்த கல்யாணம். கத்திகளை மழைக்கு முன் கேட்டிருந்தீர்கள், அன்று காலையில்தான் இரண்டாம் ஈடு வைக்க முடிந்தது. பன்னிரண்டரை மணிக்குப் பேருந்து. கதவைத் திறந்து பார்த்தேன். அடுப்புச் சுருளின் பக்கம் இருந்த கத்தி முகங்களில் வைக்கோல் மஞ்சள் வந்துவிட்டது. இருபது வருடமாக நிறம் பார்க்கிற கண் இது, போதும் என்று நினைத்தேன். சூடு மேல்தோலில்தான் இருந்தது, உள்ளே இறங்கவில்லை. ஒன்றையாவது வளைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து வந்ததும் நிறத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். அதன் பிறகு எந்தக் கத்தி எது என்று எண்ணைத் தவிர வேறு எதுவும் சொல்லாது.

அடுப்படியிலிருந்து ஞானதுரை கேட்டார்: “அப்பம் நான் நெம்புனது தப்பில்லையாக்கா?”

“நெம்பறதுக்கும் தாங்கற கத்தின்னு சொல்லித்தான் குடுத்தோம். உங்க மேல தப்பே இல்லீங்க.”

அவர் அடுப்பை அணைத்தார். குழம்புச் சட்டியை மூடினார். கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் மாட்டினார். அப்புறம் வெளியே போய்ப் பனிக்குள் மறைந்துவிட்டார்.

ஜூலை 2, செவ்வாய்

டீ வரவில்லை. கேட்கவும் வாய் இல்லை.

ஜூலை 3, புதன்

அவர் வந்துவிட்டார். சமைக்கிறார். எல்லோருக்கும் பரிமாறுகிறார், எனக்கும்தான். ஆனால் அக்கா என்ற வார்த்தை வரவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் பத்து மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார், எனக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

தொட்டி மேல் ஏறி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. இந்தத் தடவை சிக்னல் நிஜமாகவே போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அந்த மனுசன நாலு பேரு முன்னால கேட்டனே அம்மிணி” என்றார் கடைசியில்.

“தெரியுமுங்க.”

“நீ வா. வந்ததும் ரெண்டு பேருமாப் போலாம். நாலு பேரு இருக்கற நேரமாப் பாத்தே போலாம்.”

இறங்கும்போது ஏணிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கீழே ஒரு மந்தி என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போயிற்று.

ஜூலை 4, வியாழன்

காலையில் எல்லோரையும் முகாமின் வைஸ் பக்கம் கூப்பிட்டேன், இரும்பைக் கவ்வி இறுக்கும் கருவி அது. வாயால் சொன்னது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். இருபதாம் எண்ணின் முனையை வைஸில் இறுக்கினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மேலே சாக்கைப் போட்டு, பிடியில் குழாயை மாட்டி இழுத்தேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது போல ஒரு ‘பட்’. குழாயோடு நான் பின்னால் போய் விழுந்தேன்.

ஞானதுரை சாக்கை விலக்கி இரண்டு துண்டுகளையும் எடுத்தார். ஒட்டவைப்பது போல முனையோடு முனை சேர்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “நான் கொஞ்சம்தான் நெம்புனேன்” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். “நெசமாவே கொஞ்சம்தான் நெம்புனேன்.”

மிச்சம் ஆறை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். மலையாளி ஹம்சாவின் பேக்கரியில் நல்ல மின்சார அடுப்பு இருக்கிறது, சூடு காட்டும் முள்ளோடு. கத்தி வேக வைக்க வேண்டும் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் என்றேன். “ரஸ்க் போலயாணா? ஒரு தடவ வெந்தா அது ரஸ்க் இல்லல்லோ, பன்னு” என்றார். இந்த மலையில் என் தொழிலை முதல் சொல்லிலேயே புரிந்துகொண்டவர் அவர்தான்.

கயிறுகளைப் பிரித்து ஆறு கத்திகளையும் நடுத்தட்டில் வைத்தேன். முள் இருநூறில் நின்றது. திரும்பிப் பார்த்தால் வாசலில் ஞானதுரை. வந்து மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

இருபது நிமிடத்தில் சுருள் பக்கம் மஞ்சள் வந்தது. கண்ணாடி வழியாகக் காட்டினேன். “இந்த நேரத்துலதான் எடுத்தேன்” என்றேன். அவர் மஞ்சளைப் பார்த்தார். “பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பன் வாசனையில், அடுப்பின் கதகதப்பில், வெளியே பனி ஊர்ந்துகொண்டிருக்க, எனக்குக் கண் சொருகியது. தூங்கியும் போனேன். முழுக்க இரண்டு மணி நேரம் ஆனதும் என் தோளைத் தொட்டு எழுப்பினார். இரண்டாவது சூட்டுக்கும் அவர்தான் நேரம் பார்த்தார்.

முகாமுக்குத் திரும்பி, பதினான்கை வைஸில் மாட்டிக் குழாயை அவரிடமே கொடுத்தேன். மூன்று விரல்களால் பிடித்து இழுத்தார். கத்தி வளைந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வளைந்தது. விட்டதும் நேராக நின்றது. ஆறையும் அவரே வளைத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை.

பதினேழாம் எண் துண்டையும் நாளை அடுப்பில் வைத்துப் பதம் இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன். “வெங்காயத்துக்கு அப்படி இருந்தாத்தான் நல்லது. கெடக்கட்டுங்க்கா” என்றார்.

அக்கா வந்துவிட்டது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

படிவம் எழுதிக் கொடுத்தேன். அறுபது கத்திகளுக்கும் கமான் பட்டை எஃகு. வளையும், நெம்பினால் தாங்கும், ஓடைக்கல்லில் கூர் ஏறும், துடைத்து எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது. மாதத்துக்கு இரண்டு தடவை சாணை வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். மழுங்காத கத்தி கிடைத்தால் உடனே எனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியும் எழுதினேன். ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றை வளைத்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

கடைசிக் கட்டத்தில்: ‘பதம் இறக்கும் அடுப்பை நேரத்துக்கு முன்பே நிறுத்தியவர் செல்வநாயகி.’ குழுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினேன். ஞானதுரையின் கவனக்குறைவு என்ற வரியைப் பேச்சிமுத்து அண்ணன் அடித்தார், பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் வேலையை எங்களுக்கே தருவாரா என்று கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. குழுவில் பேசிவிட்டுக் கடிதம் போடுகிறேன் என்றார். அது நியாயம்தான்.

ஜூலை 6, சனி

மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஜன்னலில் மலை முழுசாக இருந்தது. அவ்வளவு பக்கத்திலா இருந்திருக்கிறது.

பேருந்துக்கு ஞானதுரை வந்தார். இடுப்பில் புதுக் கயிறு சுற்றிய 14. திங்களிலிருந்து மறுபடி கயிற்றுக் குழுவாம், அடுப்படிக்கு வேறு ஆள் வருகிறாராம். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்.

“பதினேழுக்கா. புதுசா வாரவனுக்கு இதோட கூரு தெரியாது, கைய வெட்டிக்கிடுவான். நீங்களே கொண்டு போங்க.”

வாங்கிப் பார்த்தேன். மூன்று சுற்று செய்தித்தாள், அதன் மேல் சாக்குத் துணி, அதன் மேல் சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

“பஸ்ஸுல ஒறங்கிருவீங்கள்லா, கை பட்டுரும்” என்றார்.

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். எல்லா வளைவுகளிலும் விழித்தே வந்தேன்.